உடும்பன்சோலையைத் தேடினால் ஏன் கிடைப்பதில்லை? எல்லையோர ஊர்ப்பெயர்களும் குறியேற்றத்தின் வரலாறும்

உடும்பன்சோலை இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்ட வட்டங்களுள் ஒன்று. மலையாளத்தில் இப்பெயரை எழுதும்போது நடுவிலுள்ள 'ன்' ஒலிக்குச் சில்லெழுத்து என்னும் தனி வடிவம் வரும். திரையில் அவ்வடிவம் எப்போதும் ஒன்றுபோலவே தோன்றும். கணினியின் உள்ளே அது இருவகையாக இருக்கக்கூடும். பழைய முறையில் அது மூன்று குறியெண்களின் தொடர்: நகரம் (3368), தமிழ்ப் புள்ளிக்கு நிகரான சந்திரக்கலை (3405), கண்ணுக்குப் புலப்படாத அகலமற்ற இணைப்பான் (8205). 2008 ஏப்ரலில் வெளியான ஒருங்குறி 5.1 பதிப்புக்குப் பின் அதே எழுத்து 3451 என்னும் ஒற்றைக் குறியெண். வரைபடத் தரவில் பெயர் பழைய முறையில் பதிவாகியிருக்க, புதிய விசைப்பலகையில் தட்டச்சிட்டுத் தேடினால், 'முடிவு எதுவும் இல்லை' என்ற விடை வரும். (குறியெண்கள் இங்கே பதின்ம எண்களில் தரப்படுகின்றன; ஒருங்குறி அட்டவணைகளில் இவை பதினாறடிமான எண்களில் இருக்கும்.)

அதே மாவட்டத்தின் குமுளியைத் தமிழில் தட்டச்சிட்டு, மலையாளப் பெயர்ப் பத்தியில் எழுத்துமாற்றக் கருவி வழியாகத் தேடினாலும் இதே விடைதான் வரும். ஆயின் அங்கே எந்தக் குறியெண்ணும் பிழைபடவில்லை. தமிழர் அவ்வூரைக் 'குமுளி' என்கின்றனர். மலையாளிகள் 'குமளி' என எழுதுகின்றனர். இரு தோல்விகளும் பயனருக்கு ஒரே முகத்தைக் காட்டுகின்றன. முதலாவது தொழில்நுட்பப் பிழை; திருத்தப்பட வேண்டியது. இரண்டாவது இருமொழி நிலத்தின் வரலாறு. அதைத் 'திருத்தினால்' ஒரு மொழியின் பெயர் அழியும். பாலக்காட்டின் கிழக்கெல்லையிலும் இடுக்கியின் மலைத்தொடரிலும் வரைபடத் தரவோடு பணிபுரிவோர் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டியவர்களாக உள்ளனர்.

இந்நிலம் இருமொழி நிலமானது அண்மையில் அன்று. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்திலும், அதன் கிழக்கே சித்தூர் கொச்சி அரசிலும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலும் இருந்தன. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கோரித் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம் அறியப்பட்டதே. 1955இல் அறிக்கை அளித்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் தெற்கிலுள்ள தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களைத் தமிழ்நாட்டுக்குப் பரிந்துரைத்தது. மலை வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. 1956 நவம்பர் 1 அன்று எல்லை உறுதியானது. 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி தனி மாவட்டமாயிற்று. நில எல்லை இவ்வாறு ஒருநாளில் வரையப்பட்டது. பெயர்களின் எல்லை அவ்வாறு வரையப்படவில்லை.

வரைபடங்களின் எழுத்துச் சிக்கல் கணினியோடு தொடங்கியதாகக் கருதுவது வழக்கம். உண்மையில் அது உரோமன் எழுத்தோடு தொடங்குகிறது. 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரு படை அதிகாரிகள் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளை அளந்தனர். அவர்கள் செவியில் விழுந்த பெயர்கள் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஏடேறின. 1870களில் ஹண்டர் வகுத்த எழுத்துப்பெயர்ப்பு முறை அரசு ஏற்ற முறையாயிற்று. அம்முறை சீரானது, ஆயின் வரைபடங்களில் வழங்கிய அதன் எளிய வடிவில் ண, ந, ன மூன்றும் ஒரே 'என்' எழுத்தில் அடங்கின, ல, ள இரண்டும் ஒரே 'எல்', ர, ற இரண்டும் ஒரே 'ஆர்'. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் மறைந்தன. குறியேற்றத்தில் முதல் தகவல் இழப்பு என்று இதையே சொல்ல வேண்டும், ஏனெனில் இழந்தவற்றை உரோமன் வடிவத்திலிருந்து மட்டும் மீட்க இயலாது.

மூணாற்றுத் தோட்டங்களில் இதனினும் பழைய எழுத்துக்கூட்டல் இன்றும் உயிரோடுள்ளது. 1877இல் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து மன்றோ பெற்ற கண்ணன் தேவன் மலைநிலத்தில், குண்டுமலை, கன்னிமலை, பெரியவரை, நல்லதண்ணி, மாட்டுப்பட்டி, அருவிக்காடு எனத் தோட்டங்கள் தமிழ்ப் பெயர்களோடு எழுந்தன. தோட்டப் பதிவேடுகளில் 'மலை' என்னும் சொல் இரட்டை 'எல்' இட்டு, ஈற்றில் 'ஏ', 'ஒய்' சேர்த்து எழுதப்பட்டது. 'வரை' என்பது இரட்டை 'ஆர்' இட்டு 'வுர்ரை' என்பதுபோல் ஆயிற்று. கண்ணன் தேவன் என்னும் பெயரே 1897இல் தோன்றிய நிறுவனத்தின் பெயரில் ஒற்றை 'என்' பெற்றது. மலைக்கும் வருவாய்க் கிராமத்துக்கும் இரட்டை 'என்' வழங்குகிறது. தேடல்பெட்டியில் ஒன்றைத் தட்டச்சிடுவோர்க்கு மற்றொன்று கிடைக்காமல் போவதில் வியப்பில்லை. தோட்டப் பெயர்கள் தமிழ்ப் பெயர்களே என்பதை இக்கூட்டல் மறைத்துவிட்டது என்பதுதான் வருந்தத்தக்கது. அவ்வெழுத்துகளை இயந்திரம் மீண்டும் தமிழாக்கும்போது 'குண்டுமல்லாய்' போன்ற, எவரும் வழங்காத வடிவங்கள் பிறக்கின்றன.

இனிக் கணினிக் காலம். இந்திய எழுத்துகளுக்கான ஐஸ்கி தரம் 1988இல் உருவாகி, 1991இல் இந்தியத் தரநிர்ணய அமைப்பின் தரமாக வெளிவந்தது. இந்திய எழுத்துமுறைகள் யாவும் ஒரே சட்டகத்தில் பொருந்தும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. ஒருங்குறி அந்தச் சட்டகத்தைப் பெரும்பாலும் ஏற்று, ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் 128 இடங்கள் ஒதுக்கியது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை. மலையாளத்துக்கு 3328 முதல் 3455 வரை. இதனால் ஓர் அழகிய ஒழுங்கு வாய்த்தது. தமிழ்க் ககரம் 2965, மலையாளக் ககரம் 3349. தமிழ் ழகரம் 2996, மலையாள ழகரம் 3380. எங்கும் வேறுபாடு 384. தமிழ்க் குறியெண்ணோடு 384ஐக் கூட்டினால் மலையாளம் வரும் என்பது எழுத்துமாற்றக் கருவி செய்வோர் பலரின் முதல் உத்தி.

'இடுக்கி' என்னும் சொல்லில் இவ்வுத்தி ஒரு குறையுமின்றிப் பலிக்கிறது. 'தேக்கடி'யிலும் அப்படியே. இரண்டு சொற்களில் சோதித்துவிட்டு நிறுத்துபவர் கருவி முடிந்தது என எண்ணிவிடுவார். 'தேவிகுளம்' முதல் எழுத்திலேயே தடுக்கிவிடும்: மலையாளம் அங்கே வல்லோசைத் தகரத்தை எழுதுவதில்லை, அதன் மெல்லோசை இணையான 3366ஐ எழுதுகிறது. தமிழ்ச் சட்டகத்தில் அதற்கு நேரான இடம் காலி. ஈற்று மகர மெய்க்குத் தமிழில் இரண்டு குறியெண்கள் (மகரமும் புள்ளியும்). மலையாளத்தில் அனுஸ்வாரம் என்னும் ஒன்றே. 'பாலக்காடு' ஈற்றில் தமிழ் உகரம் இடுகிறது; மலையாளம் தன் குற்றியலுகரத்தைச் சந்திரக்கலையால் குறிக்கிறது. பழைய வழக்கைப் பின்பற்றுவோர் உகரக் குறியும் சந்திரக்கலையும் சேர்த்து எழுதுவர். ஆக, ஒரு மாவட்டத் தலைநகரின் பெயருக்கு மலையாளத்துக்குள்ளேயே இரு வடிவங்கள்.

னகரத்தின் கதை இன்னும் சுவையானது. தமிழ் ந, ன என இரண்டைப் பிரிக்கிறது; மலையாளம் ஒலியில் பிரித்து, எழுத்தில் ஒன்றாக்குகிறது. தமிழ் னகரம் 2985. அதனோடு 384ஐக் கூட்டினால் வரும் 3369 பல ஆண்டுகள் வெற்றிடமாக இருந்தது. இலக்கண ஆய்வில் மட்டும் பயிலும் மலையாள னகரத்துக்கு 2010இல் வெளியான ஒருங்குறி 6.0 அவ்விடத்தை வழங்கிற்று. அதற்கு முன் வெற்றுப் பெட்டியைக் காட்டிய தவறான எழுத்துமாற்றம், அதற்குப் பின் உண்மையான, ஆனால் எந்த ஊர்ப்பலகையிலும் இல்லாத ஓர் எழுத்தைக் காட்டத் தொடங்கியது. வெற்றுப் பெட்டி பிழையை அறிவிக்கும். உண்மையான எழுத்து அதை ஒளிக்கும். ஆய்வு நோக்கில் செய்யப்பட்ட நல்ல சேர்ப்பு ஒன்று கருவி செய்வோர்க்கு இவ்வாறு ஒரு கண்ணியாயிற்று.

சில்லெழுத்துகளுக்கு 3450 முதல் 3455 வரை ஆறு தனியிடங்கள் தரப்பட்டபோது மலையாளக் கணிமையாளரிடையே கடும் விவாதம் நிகழ்ந்தது. கண்ணுக்குத் தெரியாத இணைப்பானை மென்பொருள்கள் புறக்கணிக்கக்கூடும், அப்போது சொல்லே மாறிவிடும் என்றது ஒரு தரப்பு. ஒரே எழுத்துக்கு இரு குறியேற்றங்கள் உண்டானால் தேடலும் வரிசைப்படுத்தலும் சிதையும் என்றது மறுதரப்பு. இரு தரப்பும் அஞ்சியது நடந்தது. பழைய தொடரையும் புதிய ஒற்றைக் குறியெண்ணையும் ஒருங்குறி சமன்களாக அறிவிக்கவில்லை. எனவே, பொதுவான இயல்பாக்கக் கட்டளைகள் இவற்றை ஒன்றாக்கா. உடும்பன்சோலை, மூணாறு, மறையூர், சித்தூர், வண்டிப்பெரியாறு என இப்பகுதியின் மலையாளப் பெயர்களில் பலவும் சில்லெழுத்துக் கொண்டவை. 'ஊர்' என முடியும் பெயர் ஒவ்வொன்றும் இச்சிக்கலுக்கு உட்பட்டதே என்பதை நினைத்தால் அதன் பரப்பு விளங்கும்.

இங்கே திருத்த முயல்வோர் செய்யும் ஒரு தவறு குறிப்பிடத்தக்கது. புலப்படாத குறிகள்தாமே தொல்லை என்று அகலமற்ற இணைப்பானை முதலில் நீக்கிவிடுகின்றனர். நீக்கியபின் எஞ்சுவது வெறும் நகரமும் சந்திரக்கலையும். அது பழைய வடிவோடும் பொருந்தாது, புதிய வடிவோடும் பொருந்தாது. முதலில் மூன்று குறியெண் தொடரைச் சில்லெழுத்தாக மாற்ற வேண்டும். அதன்பின்னரே எஞ்சிய இணைப்பான்களை நீக்கலாம். வரிசை மாறினால் மீட்பதற்கு வழியில்லை.

தமிழ்ப் பக்கத்தில் நிலைமை சற்றே எளிது. பாலக்காட்டுக் கிழக்கெல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையின் முதலெழுத்தைக் ககரமும் 3018 என்னும் ஒற்றை ஒகரக்குறியுமாகப் பதியலாம். ககரம், ஒற்றைக்கொம்பு (3014), கால் (3006) என மூன்றாகவும் பதியலாம். இவற்றை ஒருங்குறி சமன்கள் என்றே கொள்கிறது, இயல்பாக்கினால் ஒன்றாகிவிடும். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புமுறை கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அக்கணினியில் பெயரிடப்பட்ட வரைபடக் கோப்பை வேறு கணினியில் பெயரால் தேடினால் கிடைக்காமற்போனதற்கு இதுவே காரணம். ஒருங்குறிக்கு முந்தைய டிஸ்கி முறையில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டன: முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். அதை அரைகுறையாக மாற்றிய தரவில் ஊர்ப்பெயர், பற்றுவதற்கு எழுத்தில்லாத தனிக்கொம்போடு தொடங்கும். காலும் ரகரமும் பல எழுத்துருக்களில் ஒரே தோற்றம் கொண்டிருப்பதால், அச்சுப் பக்கத்திலிருந்து இயந்திரம் படித்தெடுத்த பெயர்களில் ஒன்றன் இடத்தில் மற்றொன்று அமர்வதும் உண்டு.

ஒரு செய்தி இவ்விடத்தில் ஆறுதல் தருவது. மூணாற்றின் 'ணா' 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் உருமாறிய பதின்மூன்று எழுத்துகளுள் ஒன்று. அதற்கு முன் அது சுழித்து எழுதும் ஒற்றை வடிவம். ஒருங்குறி உருவத்தைப் பதியாமல் எழுத்தைப் பதிவதால் பழைய 'ணா'வும் புதிய 'ணா'வும் தரவில் ஒன்றே. கேரள அரசு 1971இல் செய்த மலையாள எழுத்துச் சீர்திருத்தத்துக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும். வடிவ மாற்றங்களைத் தாங்கிய குறியேற்றம், சில்லெழுத்தில் மட்டும் இடறிற்று.

இன்னும் கீழே, பைட்டுகளின் மட்டத்தில் உண்டாகும் சிதைவு பார்வைக்கு மிகக் கொடியது. குணப்படுத்துவதற்கோ மிக எளியது. வரைபட உலகில் பரவலாக வழங்கும் ஷேப்ஃபைல் வடிவம், பெயர்களை டிபேஸ் என்னும் பழைய அட்டவணையில் வைக்கிறது. எழுத்துக் குறியேற்றம் எது எனச் சொல்லும் சிறு துணைக்கோப்பு தவறிவிட்டால், யுடிஎஃப்-8 முறையில் எழுதிய பெயரை மென்பொருள் மேலை ஐரோப்பியக் குறியேற்றமாகப் படித்து, பொருளற்ற குறிகளை நிரப்பிவிடும். அக்குப்பையிலும் ஓர் ஒழுங்குண்டு. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. முதலாவது 224, இரண்டாவது 174 அல்லது 175. மேலை ஐரோப்பிய அட்டவணையில் 174 என்பது வட்டத்துள் அடைத்த பதிவு வணிகக்குறி, 175 மேற்கோடு. மலையாளத்தில் இரண்டாம் பைட்டு 180 அல்லது 181: சாய்ந்த மேற்குறி, அல்லது நுண்ணளவைக் குறிக்கும் கிரேக்க மியூ. ஆகவே சிதைந்த இடுக்கி அட்டவணை ஒன்றில் வணிகக்குறி மிகுந்த வரிசைகள் தமிழ், மியூ மிகுந்த வரிசைகள் மலையாளம் எனப் பார்வையாலேயே பிரித்துவிடலாம். தரவு அழியவில்லை, தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. அந்த நிலையில் சேமித்துவிட்டால்தான் இரட்டைக் குறியேற்றம் என்னும் முடிச்சு விழுகிறது. அதையும் அவிழ்க்கலாம், எத்தனை முறை சேமிக்கப்பட்டது என்பதை அறிந்தால்.

அகல வரம்பால் நேரும் இழப்பு அப்படியன்று. டிபேஸ் அட்டவணை எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. பத்தி ஒன்றுக்கு 80 பைட்டு அகலம் தரப்பட்டால் 'கொழிஞ்சாம்பாறை ஊராட்சி அலுவலகம்' அதில் அடங்காது. 'கொழிஞ்சாம்பாறை ஊராட்சி அலுவல' என்பதோடு நின்றுவிடும். ஒகரக்குறி பிரித்து எழுதப்பட்டிருந்தால் மேலும் மூன்று பைட்டு செலவாகி, 'அலுவ' என்று நிற்கும். வெட்டுண்ட பகுதியை எந்த மாற்றுக் கருவியாலும் மீட்க முடியாது.

இவை யாவும் சரிசெய்யப்பட்ட பின்னரும் பொருந்தாமல் நிற்கும் பெயர்கள் உண்டு. மொழியியலுக்கு வேலை அங்கேதான். தமிழில் கொழிஞ்சாம்பாறை, மலையாளத்தில் ஞகரம் இரட்டித்து, ஈற்று ஐகாரம் அகரமாகக் 'கொழிஞ்ஞாம்பாற'. மெல்லினத்தை அடுத்த வல்லினம் மெல்லினமாகத் திரிவது மலையாளத்தைத் தமிழிலிருந்து பிரித்தறியும் பழைய அடையாளங்களுள் ஒன்று. ஈற்று ஐகாரம் அகரமாவதும் அத்தகையதே: வட்டவடை, பூப்பாறை, உடும்பன்சோலை ஆகியன மலையாளத்தில் அகரத்தில் முடிகின்றன. மறையூரில் அதே மாற்றம் சொல்லின் நடுவே நிகழ்கிறது. மூணாற்றில் தமிழ், பேச்சுவழக்கின் 'மூணு' என்னும் எண்ணுப்பெயரைக் கொண்டது. மலையாளம் தன் 'மூந்நு' என்பதைக் கொண்டது. மூன்று ஆறுகள் கூடுமிடம் என்ற விளக்கம் இருமொழிக்கும் பொது, எழுத்துகள் பொதுவல்ல. தமிழ் வடிவில் ஆறு குறியெண்கள். மலையாள வடிவில் சில்லெழுத்தை ஒன்றாக எண்ணினாலும் ஏழு.

பாலக்காட்டுச் சித்தூர் இன்னும் நுட்பமானது. மலையாளம் அங்கே இரட்டை றகரத்தை எழுதுகிறது, அதாவது 'சிற்றூர்'. தமிழர் பேச்சில் ற்ற என்பது த்த ஆகி, எழுத்திலும் 'சித்தூர்' நிலைத்துவிட்டது. பழைய வடிவத்தைக் காத்தது மலையாளம், மாற்றியது தமிழ்! மலையாள எழுத்தின் தந்தையெனப் போற்றப்படும் எழுத்தச்சன் இறுதிநாட்களைக் கழித்ததாக மரபு கூறும் ஊர் இது என்பதால் இம்முரண் ஒரு புன்னகைக்குரியது. தேடலில் விளைவு வேறு: தமிழில் 'சித்தூர்' என்று தட்டச்சிடுபவர் ஆந்திரத்துச் சித்தூருக்கும் போய்ச் சேரக்கூடும். காந்தளூரைத் தேடும் வரலாற்று மாணவர்க்கும் இடர் உண்டு. தமிழில் காந்தளூர், காந்தலூர் என இருவகையாகவும் எழுதப்படும் இம்மலையூரின் மலையாள வடிவில் இரட்டை லகரம் உள்ளது. ளகரத்தில் எழுதியவுடன் சோழர் மெய்க்கீர்த்திகளின் காந்தளூர்ச்சாலை நினைவுக்கு வரும். ஆய்வாளர் பலரும் அச்சாலையைத் திருவனந்தபுரத்தையொட்டியே வைக்கின்றனர். எழுத்தொற்றுமை இடவொற்றுமை ஆகாது.

இத்தகைய இணைகளை ஒரே வடிவமாக்கும் திட்டம் எதையும் ஐயத்தோடுதான் நோக்க வேண்டும். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர் அரசு அலுவலகங்களோடு தமிழில் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. அலுவலகத் தரவுத்தளத்தில் ஊர்ப்பெயர் மலையாளத்திலும் உரோமனிலும் மட்டும் இருக்குமாயின், தமிழில் வந்த மனுவின் ஊரைத் தேடுபவருக்கு எதுவும் கிடைக்காது. சட்டம் கொடுத்ததைத் தேடல்பெட்டி மறுத்துவிடும். உரோமனிலிருந்து இயந்திரம் ஆக்கிய தமிழ்ப் பெயரை நிரப்பி வைப்பது அதனினும் கேடு. 'குமிலி', 'மரயூர்' எனும் வடிவங்கள் வெற்றிடத்தைவிடத் தீயவை, ஏனெனில் வெற்றிடத்தை யாரேனும் நிரப்புவர்; நிரம்பிய பிழையை எவரும் ஐயுறார்.

செய்யத்தக்கது கடினமன்று. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற திறந்த வரைபடங்கள் ஒரே புள்ளிக்கு மொழிவாரியாகத் தனித்தனிப் பெயர்களையும், மாற்றுப்பெயர், பழைய பெயர், உள்ளூர்ப் பெயர் என்பனவற்றையும் பதிய இடமளிக்கின்றன. குமுளியும் குமளியும் அங்கே அருகருகே இருக்கலாம். குண்டுமலையோடு அதன் தோட்டப் பதிவேட்டுக் கூட்டலும் இருக்கலாம். குறியெண் மட்டத்து வேறுபாடுகளைத் தேடலின்போது மறைவாக ஒன்றாக்கலாம். பெயர்மட்டத்து வேறுபாடுகளைப் பதிவில் வெளிப்படையாக வைக்கலாம். ஞ்ச–ஞ்ஞ, ஐ–அ போன்ற ஒலியிணைகளைப் பரிந்துரை தருவதற்குப் பயன்படுத்தலாம். பதிவை மாற்றுவதற்கு அன்று.

முதுவர் குடிகளின் பெயர்கள் இன்னும் மீதமுள்ளன. தேவிகுளம் வட்டத்தில் 2010இல் அமைந்த இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. முதுவர் மொழிக்குத் தனி எழுத்தில்லை. அவர்தம் மரபுக்கதைகள் மதுரையிலிருந்து மலையேறியதைச் சொல்கின்றன. குடிகளின் பெயர்கள் பல இன்னும் வாய்மொழியில் வழங்குகின்றன. வரைபடத்தில் அவற்றை முதன்முதலில் பதிபவர் தமிழ் விசைப்பலகையைத் திறந்தால் 'மலை', மலையாள விசைப்பலகையைத் திறந்தால் 'மல'. குடியில் உள்ளவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பதை ஒலிப்பதிவாக எடுத்து வைத்துவிட்டு, அதன்பின் விசைப்பலகையைத் திறக்க இப்போது இன்னும் காலம் இருக்கிறது.